பழைய மனையும் மெட்டல் டிடெக்டரும்

ராமேசுவரம் கோயிலுக்குள் போகிற எவருக்கும் மெட்டல் டிடெக்டர் புதிதல்ல. இடுப்பில் செருகிய சாவிக்கொத்தைக்கூட விடாமல் கண்டுபிடித்துச் சத்தம் போடும். அதே கருவி, நீண்ட கைப்பிடியும் அடியில் வட்டத் தட்டுமாக, மண்ணுக்குள் கிடப்பதைத் தேடும் வடிவத்தில், இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு வீட்டு வாசலுக்கே வந்து இறங்குகிறது. இடிந்த வீடு, ஆளில்லாத நத்தம், பாட்டன் காலத்து மனை என்று தேடிப்போய்க் காசும் மோதிரமும் எடுத்துக் காட்டும் வீடியோக்களுக்கும் குறைவில்லை. பார்க்கிறவர்களுக்குக் கை துறுதுறுக்கத்தான் செய்யும். அந்த ஆசையில் பணத்தாசை மட்டும் இல்லை. நம் மண்ணில் என்ன இருக்கிறது என்று அறியும் ஆர்வமும் சேர்ந்தே இருக்கிறது. ஆகவே அதைப் பேராசை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நியாயமில்லை. ஆனால் ராமநாதபுரம், ராமேசுவரம் கடற்கரையைப் பொறுத்தவரை, தனியார் கையில் உள்ள இந்தக் கருவி வரலாற்றைக் கண்டுபிடிப்பதைவிட அழிப்பதே அதிகமாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணம் கருவி வேலை செய்யும் விதத்திலும், இந்தக் கடற்கரையின் மண்ணிலும் இருக்கிறது.

கருவியின் அடித்தட்டில் செப்புக் கம்பிச் சுருள் உண்டு. அதில் திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம் சுற்றிலும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் மண்ணிலுள்ள உலோகத்தைத் தொட்டதும் உலோகத்துக்குள் சிறு மின்சுழல்கள் எழும். அவை தம் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்பும். சாதாரணக் கருவியால் ஒரு காசை ஏறத்தாழ ஒரு சாண் ஆழம்வரைதான் உணர முடியும். இரும்பா, செம்பா என்று ஓரளவு பிரித்துச் சொல்லும். சோடா மூடியா, சேதுபதி காசா என்று அதனால் சொல்ல முடியாது. உப்புநீர் ஊறிய மணல் தானே மின்சாரத்தைக் கடத்துவதால், கடலோரத்தில் ஒன்றுமில்லாத இடத்திலும் அது கத்தும். இவையெல்லாம் சிறு குறைகள். விலை உயர்ந்த கருவி வாங்கினால் ஓரளவு தீர்ந்துவிடும். தீராத குறை ஒன்று உண்டு. உலோகத்தைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. பானையோடு, பாசிமணி, சங்கு, எலும்பு, செங்கல், கரி என எதன் மேல் அதைப் பிடித்தாலும் மௌனமாகவே இருக்கும்.

இந்தக் கடற்கரையின் வரலாறோ பெரும்பாலும் அந்த மௌனமான பொருள்களில்தான் இருக்கிறது. ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, வைகை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம் இருக்கிறது. அங்கே கோட்டைமேடு என்று ஊரார் சொல்லும் மேட்டுப் பகுதியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986-87இல் அகழாய்வைத் தொடங்கியது. பிறகு பல கட்டங்களாக 2016-17 வரை தோண்டியது. அங்கே கிடைத்தவற்றில் எவை நம் வரலாற்றை மாற்றின என்று பாருங்கள். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மதுவும் எண்ணெயும் வந்த ஆம்போரா சாடிகளின் உடைசல்கள், கங்கைச் சமவெளியில் செய்யப்பட்ட பளபளப்பான கருப்புப் பானையின் ஓடுகள், தமிழ் பிராமி எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள், சங்கு வளையல் துண்டுகள், மணிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாய்மரக் கப்பல் ஒன்றின் உருவம் கீறப்பட்ட பானையோடு. கையால் கீறிய அந்தச் சில கோடுகளைக் கப்பல் வரலாற்று அறிஞர்கள் ஆராய்ந்து, ரோம வணிகத்தில் ஓடிய பெருங்கப்பலின் சாயலை அதில் கண்டார்கள். மெட்டல் டிடெக்டரோடு ஒருவர் அந்த மேட்டில் நாள் முழுக்க நடந்திருந்தால் அந்த ஓட்டின் மேலேயே நடந்து போயிருப்பார். பக்கத்தில் ஓர் ஆணி ஒலித்திருந்தால் அதைத் தோண்டுகிற கடப்பாறையால் அந்த ஓட்டை இரண்டாக்கியும் இருப்பார்.

பெரியபட்டினமும் இதைத்தான் சொல்கிறது. கீழக்கரைப் பக்கத்துக் கடலோரத்தில் உள்ள இந்த ஊரில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் தோண்டியபோது குவியலாகக் கிடைத்தவை சீனப் பீங்கான் துண்டுகள். பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பச்சை மெருகு ஏற்றிய கிண்ணங்கள், வெள்ளைப் பீங்கான்கள். எ. சுப்பராயலுவும் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபுரு கராஷிமாவும் இந்தத் துண்டுகளைக் கொண்டுதான் பாண்டியர் காலத்தில் இந்தக் கரை சீனக் கப்பல்களோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்ததை உறுதியாக நிறுவினார்கள். ஒரு துண்டுகூட உலோகம் இல்லை. சங்கு குளித்தும் முத்து குளித்தும் வாழ்ந்த கரை இது. அந்தத் தொழில்கள் மண்ணில் விட்டுச்சென்ற அடையாளங்களிலும் உலோகம் குறைவு. அறுத்துப் போட்ட சங்கு ஓரங்களும் குவிந்து கிடக்கும் சிப்பிகளும் ஒரு பட்டறையின் முகவரியைச் சொல்லும். கருவியின் காதுக்கு அவை குப்பை.

“சரி, உலோகத்தையாவது எடுத்துத் தருகிறதே, அதில் என்ன நஷ்டம்?” என்று கேட்கலாம். அழகன்குளத்தில் கிடைத்த ரோமச் செப்புக்காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட இரண்டாம் வாலன்டினியன், தியோடோசியஸ், அர்க்காடியஸ் ஆகியோர் பெயரில் அடிக்கப்பட்ட காசுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. அந்தக் காலத்து ரோமச் செப்புக்காசுகள் நம் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியவை. மண்ணிலிருந்து வரும்போது மன்னன் முகமெல்லாம் தெரியாது. பச்சையும் பழுப்புமாகக் களிம்பேறி, மணல் துகள்கள் ஒட்டிய ஒரு சிறு கட்டியாகத்தான் வரும். அந்தக் கட்டிக்கு இரண்டு காலங்கள் உண்டு. ரோமப் பேரரசின் ஏதோ ஒரு பட்டறையில் அது அடிக்கப்பட்ட காலம் ஒன்று. வைகைக் கரையில் ஒருவர் கையிலிருந்து அது நழுவிய காலம் இன்னொன்று. முதல் காலத்தைக் காசைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டாவதைச் சொல்ல அது கிடந்த மண்ணடுக்கு வேண்டும். கூடவே எந்த வகைப் பானையோடு கிடந்தது, மேலடுக்கில் என்ன இருந்தது, கீழே தரையா, குப்பைக் குழியா என்பதெல்லாம் தெரிய வேண்டும். ரோமச் செப்புக்காசுகள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளூர்ச் சில்லறையாக நெடுங்காலம் புழங்கியவை. ஆகவே அழகன்குளம் துறைமுகம் எதுவரை உயிரோடு இருந்தது என்ற கேள்விக்கு விடை காசின் முகத்தில் இல்லை. அதைச் சுற்றியிருந்த மண்ணில்தான் இருந்தது. ஒரு சாண் குழி தோண்டிக் காசை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணைத் தள்ளிவிட்டால், அந்த விடை திரும்பி வராது.

அடுத்த அழிவு வீட்டுக்கு வந்த பிறகு நடக்கிறது. களிம்பேறிய காசைக் கண்டதும் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். பித்தளைப் பாத்திரம் துலக்கிப் பழகிய கைகள் நம்முடையவை. தேய்த்தால் பளபளக்கவும் செய்யும். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணில் கிடந்த செம்பில் எழுத்தும் உருவமும் பெரும்பாலும் அந்தக் களிம்புப் படலத்தில்தான் தங்கியிருக்கின்றன. புளியின் அமிலம் படலத்தைக் கரைக்கும்போது எழுத்தும் சேர்ந்தே போகும். கடலோர மண்ணில் கிடந்த செம்புக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. உப்பிலிருந்து வந்த குளோரைடு உலோகத்துக்குள் ஏறியிருக்கும். வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து, காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அருங்காட்சியகங்களின் வேதியியல் பிரிவுகள் இதைத் தடுக்கவே உழைக்கின்றன. அலமாரியில் தீப்பெட்டிக்குள் வைத்த காசுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இதற்காகக் கருவியையே பழிப்பது பொருந்தாது. அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் 1876இல் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படைக்கும் பூர்வகுடிகளுக்கும் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தை 1983இல் ஒரு புல்வெளித் தீ எரித்து வெட்டவெளியாக்கியது. அடுத்த ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் மெட்டல் டிடெக்டர் கொண்டு அங்கே தேடினார்கள். கருவி ஒலித்த இடத்திலெல்லாம் முதலில் ஒரு சிறு கொடியை நட்டார்கள். கிடைத்த ஒவ்வொரு தோட்டாவையும் உறையையும் அது கிடந்த புள்ளியோடு வரைபடத்தில் ஏற்றினார்கள். எந்தத் துப்பாக்கி எங்கிருந்து சுட்டது, எந்த இடத்துக்கு நகர்ந்தது என்று தொடர்ந்து போக முடிந்தது. கஸ்டரின் வீரர்கள் கடைசிவரை அணி குலையாமல் நின்று போராடினார்கள் என்ற பழைய கதைக்குப் பதிலாக, அணி சிதறிய விதமே தெரியவந்தது. அந்தக் கண்டுபிடிப்பின் உயிர் வரைபடத்தில் இருந்தது. அதே தோட்டாக்களை ஆளுக்கொன்றாகப் பொறுக்கிப்போயிருந்தால் ஒரு வாளி பழைய ஈயம்தான் மிச்சம். கடப்பாறையோடு பழைய மனைக்குப் போகிறவரிடம் இல்லாதது அந்த வரைபடமும் பொறுமையும்தான்.

காசு சேகரிப்பவர்கள் இங்கே ஒரு வலுவான மறுப்பை முன்வைப்பார்கள். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. சங்க கால மன்னர்கள் காசு வெளியிட்டார்கள் என்பதைத் தமிழகத்துக்குக் காட்டியது பெரும்பாலும் சேகரிப்பாளர்கள்தானே என்பார்கள். உண்மைதான். குதிரை உருவத்தோடு ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் செப்புக்காசை 1980களின் நடுவில் அறிவித்தவர் தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அது அகழாய்வுக் குழியிலிருந்து வரவில்லை. கரூர் அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுத்த சேரர் காசுகளுக்கும் அதே கதைதான். அவற்றின் மீது எழுத்து இருந்ததால் அவை தாமே வாய் திறந்து பேசின, நாமும் கேட்டோம். ஆனால் அந்தப் பெருவழுதி யார், எந்த நூற்றாண்டைச் சேர்ந்தவன் என்ற கேள்விக்கு அறிஞர்கள் எழுத்தின் வடிவத்தை வைத்தே விவாதிக்க வேண்டியிருந்தது. மண்ணடுக்கின் சாட்சி இல்லை. ஆற்று மணலுக்கும் பழைய மனைக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆறு ஏற்கெனவே அடுக்குகளைக் கலைத்துவிட்டது. அங்கே சலிப்பவர் புதிதாக எதையும் குலைக்கவில்லை. ஆள் குடியிருந்த மனை அப்படியில்லை. அங்கே தரைக்கு மேல் தரை, அடுப்புக்கு மேல் அடுப்பு என்று காலம் ஒழுங்காகப் படிந்திருக்கிறது. சேகரிப்பாளர்கள் நமக்குச் செய்த நன்மையை நன்றியோடு சொல்லிவிட்டு, அதையே மனைகளைக் குடைவதற்கு அனுமதிச் சீட்டாகக் காட்டக் கூடாது என்றும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு சாண் ஆழம்தானே, சங்க காலம் அதற்கு வெகு கீழே அல்லவா இருக்கும் என்றும் சிலர் கேட்பார்கள். அந்த ஒரு சாணில்தான் எனக்குக் கவலையே. மேலடுக்கில் இருப்பது கடைசி முந்நூறு, நானூறு ஆண்டுகளின் வாழ்க்கை. சேதுபதிகள் வெளியிட்ட செப்புக்காசு, டச்சுக் கம்பெனி முத்திரை பதித்த துட்டு, கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, தோணி ஆணி, தூண்டில் முள், பூட்டு, விளக்கு. கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றிய காலத்தில் இந்தக் கரையில் ஒரு மீனவர் வீட்டில், ஒரு மரக்காயர் வீட்டில், ஒரு சங்கு அறுப்பவர் வீட்டில் என்ன இருந்தது என்று கேட்டால், அரண்மனையும் செப்பேடும் பேசுகிற அளவுக்கு வீடுகள் பேசவில்லை. நம் அகழாய்வுகளின் கண் சங்க காலத்தில் இருப்பதால் இந்த அடுக்கை யாரும் நிதானமாகப் படிக்கவில்லை. படிக்காத அந்தப் பக்கத்தைத்தான் கருவி முதலில் கிழிக்கும்.

இனி உரிமைக் கேள்வி. “என் பட்டா நிலம், என் முப்பாட்டன் வீடு, அதில் கிடப்பது எனக்குச் சொந்தமில்லையா?” நியாயமான கேள்வி. இதற்குச் சட்டம் சொல்லும் பதில் பலர் நினைப்பதைவிடத் தாராளமானது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணிலோ, மண்ணோடு சேர்ந்த சுவர் போன்றவற்றிலோ மறைந்திருந்த மதிப்புள்ள எதுவும் புதையல். அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், என்ன கிடைத்தது, எங்கே, எப்போது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்து, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது அதற்குப் பிணை தர வேண்டும். ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு உரிமை கோருவோரை விசாரிப்பார். நூறு ஆண்டுக்குள் தன் முன்னோர் புதைத்தது என்று ஒருவர் உரிமை கொண்டாடினால் அதை நிலைநாட்ட நீதிமன்ற வழி உண்டு. யாருக்கும் உரியதல்ல என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நில உரிமையாளருக்குக் கால் பங்கு. நிலத்துக்கு உரிமை கோருபவர் வேறு யாரும் இல்லாவிட்டால் முழுதும் கண்டெடுத்தவருக்கே. அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ, பங்கும் போய்விடும். இதோடு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசும் சிலையும் தொல்பொருள். உரிமமில்லாமல் அவற்றை வியாபாரம் செய்ய முடியாது; தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது தனிக் குற்றம்.

சட்டம் இவ்வளவு சொல்லியும் மக்கள் வாய் திறக்கத் தயங்குவது ஏன்? சொன்னால் வீட்டையே தோண்டிவிடுவார்கள், காவல் நிலையத்துக்கு அலைய வேண்டும், நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு என்பது ஒரு செப்புக்காசுக்குச் சில ரூபாய்தான் வரும். வியாபாரி அதைவிடப் பல மடங்கு தருவார். 1878இல் வைத்த பத்து ரூபாய் வரம்பு இன்றும் அப்படியே நிற்கிறது. இந்தச் சட்டம் திருத்தப்பட வேண்டியது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மறைத்தால் என்ன ஆகிறது என்பதற்கும் தமிழகத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் ஒரு தொழிலாளி மண் தோண்டும்போது சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் கண்டார். சொல்லவில்லை, விற்றார். அவற்றில் ஒன்றான நடராசர் கைமாறி லண்டன் போய், ஒரு கனடா நிறுவனத்தின் கைக்குச் சென்றார். வழக்கு நடந்து 1991இல்தான் திரும்பி வந்தார். முதலில் கண்ட அந்த ஏழைத் தொழிலாளிக்குக் கிடைத்தது அற்பம். இடைத்தரகர்களுக்குப் போனது பெரும் பணம். அந்த வழக்கில் சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடங்களும்கூட அது பத்தூரில் புதைந்திருந்ததற்குச் சாட்சியாக லண்டன் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டன. யாராவது அதைச் சுத்தமாகத் துலக்கியிருந்தால் அந்தச் சாட்சி இருந்திருக்காது.

இந்தக் கரையில் தேடுபவருக்கு உயிர் ஆபத்தும் உண்டு. 2018 ஜூன் மாதம் ராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடம் அந்தோணியார்புரத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களும் வெடிபொருள்களும் வந்தன. தோட்டாக்கள் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். 1980களில் இலங்கைத் தமிழ்ப் போராளிக் குழுக்கள் புதைத்தவையாக இருக்கலாம் என்று காவல்துறை கருதியது. தோண்டியவர்கள் உடனே தகவல் சொன்னதால் அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. பெட்டி தகரம், தோட்டா பித்தளை, உள்ளே ஈயம். கருவிக்கு இது அருமையான ஒலி. புதையல் என்று நினைத்து இரவில் ரகசியமாக ஒருவர் கடப்பாறையை இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

தனுஷ்கோடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்; பாழடைந்த வீடுகள் என்றதும் பலர் மனம் அங்கேதான் போகிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, ரயிலும் தலைமன்னார்க் கப்பலும் இணைந்தபோது வளர்ந்த ஊர் அது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அந்த ஊரையும், வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. அங்கே மணலுக்குள் ஒரு வளையலோ, தாலிக்குண்டோ, ரயில்வே பொத்தானோ ஒலித்தால், அதற்கு உரியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ராமேசுவரத்திலும் பாம்பனிலும் உயிரோடு இருக்கிறார்கள். நூறு ஆண்டு ஆகவில்லை என்பதால் தொல்பொருள் சட்டம் அவற்றில் பலவற்றைத் தொடாமல் போகலாம். ஆனால் பலர் உடல்கூடக் கிடைக்காத இடத்தில் பொழுதுபோக்காகக் காசு தேடுவதை மனம் ஒப்பவில்லை. அங்கே முறைப்படி ஓர் ஆய்வு நடந்து, கிடைப்பவை வீட்டு வாரியாகப் பதிவாகி, அந்தக் குடும்பங்களின் நினைவுகளோடு சேர்த்து வைக்கப்பட வேண்டும்.

பிரிட்டனைக் காட்டி வாதிடுபவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அங்கே நில உரிமையாளரின் அனுமதியோடு கருவி கொண்டு தேடலாம். 1996இல் புதையல் சட்டத்தைப் புதுப்பித்து, அடுத்த ஆண்டே தனியார் கண்டெடுக்கும் பொருள்களைப் பதிவு செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பகுதிவாரியாக அதற்கென அலுவலர்கள் உண்டு; அவர்கள் பொருளைப் பறிப்பதில்லை, இடத்தைக் குறித்துப் படம் எடுத்துத் திருப்பித் தருகிறார்கள். இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. புதையலாக அரசு எடுத்தால் சந்தை விலை தருகிறார்கள். 2009இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் கிடைத்த பொற்குவியலுக்காகக் கண்டவருக்கும் நிலத்துக்காரருக்கும் சேர்த்து 32 லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. ஆனால் அங்கே பெரும்பாலான பொருள்கள் நூற்றாண்டுகளாக உழுது உழுது அடுக்குக் கலைந்த வயல்களில் கிடைப்பவை. பக்கத்து நாடான அயர்லாந்து நேர்மாறான பாதையில் போனது. 1980இல் டெரினஃப்ளான் என்ற இடத்தில் பழைய தேவாலயக் கிண்ணத்தைக் கருவியால் எடுத்த சம்பவத்துக்குப் பிறகு, 1987இல் அனுமதியின்றித் தொல்பொருள் தேட மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவதையே குற்றமாக்கியது. நமக்குப் பொருந்துவது அயர்லாந்தின் கட்டுப்பாடும் பிரிட்டனின் பதிவு ஏற்பாடும் சேர்ந்த ஒன்று. தேடுவதற்குத் தடை; தற்செயலாகக் கிடைத்ததைச் சொல்ல வருபவருக்கு மரியாதையும் நியாயமான விலையும்.

தற்செயலாகக் கிடைப்பதுதான் இங்கே பெரிய விஷயம். வைகை தோன்றும் இடத்திலிருந்து அழகன்குளம் வரை மத்தியத் தொல்லியல் துறை நடத்திய கள ஆய்வில் 293 இடங்கள் அடையாளம் காணப்பட்டன. அதிலிருந்து பிறந்ததுதான் கீழடி. அந்தக் கீழடியே தனியார் தென்னந்தோப்பில், உரிமையாளர்களின் ஒத்துழைப்போடு தோண்டப்பட்டது. மற்ற இடங்களில் பல இன்று வீடாகவும் தோப்பாகவும் சீமைக்கருவேலங் காடாகவும் இருக்கின்றன. யாரும் கருவி கொண்டு தேடாவிட்டாலும் அஸ்திவாரம் தோண்டும்போதும், செப்டிக் டேங்க் வெட்டும்போதும், கடல் கரையை அரிக்கும்போதும் பொருள் வெளியே வரும். “நாங்கள் எடுக்காவிட்டால் ஜேசிபி எடுக்கும்” என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அதற்கு மருந்து இன்னொரு கடப்பாறை அல்ல. அந்த நேரத்தில் ஓடி வந்து பார்க்க ஓர் ஆள். மாவட்டத்துக்கு ஒருவரல்ல, கடலோர வட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வேண்டும். திருப்புல்லாணி அரசு மேல்நிலைப்பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள் மேற்பரப்பில் கிடக்கும் பானையோட்டையும் சீனப் பீங்கானையும் இனம் காணக் கற்றிருக்கிறார்கள். எந்தக் கருவியும் இல்லாத அந்தப் பிள்ளைகளின் கண்ணுக்குப் படுவது மெட்டல் டிடெக்டருக்குப் படாதவை எல்லாம். ஒவ்வொரு கடலோரப் பள்ளியிலும் அப்படி ஒரு மன்றம் அமைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

ராமநாதபுரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மனையில் பழைய காசோ, பாத்திரமோ, சிலையோ, வழக்கமில்லாத பானையோடோ கண்ணில் பட்டால் தோண்டுவதை அந்த இடத்தில் நிறுத்துங்கள். கழுவாதீர்கள், புளி போடாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலையோ தீப்பெட்டியையோ வைத்துக் கைபேசியில் படம் எடுங்கள். சுவரிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம், கூட என்ன கிடந்தது என்று ஒரு தாளில் தேதியோடு எழுதுங்கள். பெட்டியோ, உருளையோ, தோட்டா போன்ற எதுவோ தெரிந்தால் தொடாமல் விலகிக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். மற்றவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடமும், எழுத்தில் ஆட்சியரிடமும் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். சட்டம் தரும் பங்குக்கு அந்தச் சீட்டுதான் ஆதாரம். அழகன்குளத்துப் பொருள்களை ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வீட்டுப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். வட்டத்துக்கு ஒரு தொல்லியல் அலுவலர் வேண்டும், 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்து ரூபாய் வரம்பும் இழப்பீடும் திருத்தப்பட வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் ஊர்க் கூட்டத்திலும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனுவாகக் கொடுங்கள்.